தங்க மீனின் வால்

"தோலைத்தானே தேய்ச்சுப் பார்க்கணும்? பேனாவை எதுக்குண்ணா தேய்ச்சீங்க?"

ஹெலன் பதறிப்போய்க் கேட்டாள். தோலின் சாயம் ஒட்டுகிறதா என்று சோதிக்கும் ஜோசுவா, கையிலிருந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் தங்க நிறத்தில் ஒரு தீற்றல். மேசையில் கிடந்த கறுப்புப் பேனாவில் இருந்த தங்க மீனுக்கு இப்போது வால் இல்லை.

ஆம்பூரில் அந்தத் தோல் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஓர் ஆர்டர் வருவதாக இருந்தது. அரக்குப் பூசி, தங்கப்பொடி தூவி, கையாலேயே படம் வரைந்த விலையுயர்ந்த பேனாக்களுக்குத் தோல் உறை தைக்க வேண்டும். மாதிரி உறைக்கு அளவு பார்க்க ஒரு பேனாவைச் சென்னை ஏஜென்ட் பஞ்சாட்சரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மாதிரி பிடித்தால்தான் ஆர்டர். இல்லையென்றால் ஹெலன் வேலை செய்யும் தையல் லைனையே மூடிவிடுவார்கள்.

"உறைக்குள்ள வெள்ளைத் தோல் வைக்கிறோமே, பேனா கலர் அதுல ஒட்டுமான்னு பார்த்தேம்மா. எது வந்தாலும் பெயின்ட் கரைக்கிற தின்னர் தொட்டுத் தேய்க்கிறது கைப்பழக்கமாப் போச்சு. இந்த அரக்கு நூறு வருஷம் ஆனாலும் அழியாதுன்னு போன மாசம் அந்த ஜப்பான் கம்பெனி யுமிகோ மேடம் சொன்னாங்க. நான் ஒரே தேய்ப்புல அழிச்சிட்டேனே!"

"ஐயோ, இன்னைக்கு அவங்க வர்றாங்களேண்ணா!"

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் உள்ளே வந்தவர் பஞ்சாட்சரம். பேனாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிருக்க? துணிப்பையை விட்டு வெளிய எடுக்காதே, அப்படியே அளவு பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"தப்புதான் சார்..."

"சரி சரி, சீக்கிரம் எங்கிட்ட குடு. மேடம் ஆபீஸ் ரூம்ல இருக்காங்க. வழியில தொலைஞ்சிடுச்சுன்னு நானே சொல்லிக்கிறேன். உன் வேலை போவக்கூடாதுன்னுதான்யா சொல்றேன்!"

எவ்வளவு நல்ல மனுஷன்! ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. "குடுத்துடுங்கண்ணா" என்று கெஞ்சினாள்.

ஜோசுவாவின் கை பேனாவை நீட்டப் போய், பாதியில் நின்றது.

"வேணாம் சார். நாளைக்குப் பொய்னு தெரிஞ்சா இந்த லைன் பொண்ணுங்க பொழைப்பும் போய்டும். நான் செஞ்ச தப்பு, என்னோட போவட்டும்."

அதற்குள் யுமிகோவே வந்துவிட்டார். ஜோசுவா பேனாவை அவரிடம் கொடுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொல்லி முடித்தார். தலையை நிமிர்த்தவில்லை.

யுமிகோ வாலில்லாத மீனைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து அதே வகை அரக்குப் பூசிய சொந்தப் பேனாவை எடுத்தார். அதில் ஒரு தங்கக் கொக்கு. துணியின் சுத்தமான முனையைத் தின்னரில் நனைத்து, கொக்கின் மேல் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏசுவே!" ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது கொக்கு அப்படியே பளபளத்தது. துணி முனை வெள்ளையாகவே இருந்தது.

யுமிகோ ஜோசுவாவின் தோளை மெல்லத் தட்டினார். பிறகு, கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மிஸ்டர் பஞ்சாட்சரம், நான் கொடுத்தனுப்பிய பேனா எங்கே?"