நெற்றிக்குப் போன கை

"வாய் பேச முடியாத மனுசன் நெத்தியில திருநீறு பூசறதுக்குப் பேரு திருட்டு, தங்கச்சி."

ஆனந்தராஜ் அண்ணன் வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டார். கருப்புச் சட்டை, தோள்ல ஒரு பை. ஈரத்துணியை எடுத்து, கட்டில்ல கிடந்த சென்னகிருஷ்ணனோட நெத்தியை அழுத்தித் துடைச்சார்.

"முப்பது வருசமா நான் வாயில்லாம இருந்தேனே, அதுக்கு என்ன பேருண்ணே?"

அவரோட சம்சாரம் சாந்தம்மா அக்காவா விடுவாங்க? நல்லாக் கேட்டாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்.

நான் பக்கத்துக் கட்டில். எங்க வீட்டுக்காரர் வெங்கட்டுக்குக் கம்பெனியில கால் முறிஞ்சு, ஓசூர்ல அந்த ஆஸ்பத்திரியில பத்து நாளாக் கிடந்தோம். அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் எனக்கு அத்துப்படி.

சென்னகிருஷ்ணன் ஜூஜுவாடி பக்கம் ஒரு கம்பெனியில ஃபிட்டர். சாமி இல்லைங்கிற ஆளு. ஆயுத பூஜையன்னைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சிருந்தாலும் இவர் வெறும் நெத்தியோடதான் நிப்பாராம். வீட்டுல ஒரு சாமி படம் மாட்ட விட்டதில்லை. அக்கா தன்னோட முனீஸ்வரனை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சுக் கும்பிட்டிருக்காங்க, பாவம்.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போச்சு. இடது கை மட்டும் ஆடும். தேறிட்டு வர்றார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் படுத்த மறுநாளே அக்கா அஞ்செட்டி முனீஸ்வரன் கோயில்ல இருந்து பஸ்ஸுல திருநீறு வரவழைச்சுட்டாங்க. காலையில இவங்க பூசுவாங்க. சாயங்காலம் கட்சித் தோழர் ஆனந்தராஜ் வந்து துடைப்பார். அந்தப் புதன்கிழமை தோழர் லீவு போட்டுட்டுக் காலையிலேயே வந்துட்டார். அதுதான் வினை.

துடைச்சு முடிக்கல, சென்னகிருஷ்ணனோட இடது கை மெதுவா எழும்பி நெத்திக்குப் போச்சு.

"பாருங்கண்ணே, அவரே கேக்கறாரு." அக்காவுக்குக் குரல் உடைஞ்சுபோச்சு. "இத்தனை வருசம் கழிச்சு அவரே கேக்கறாரு." பொட்டலத்தைப் பிரிச்சு மூணு விரலால பட்டை போட்டாங்க.

கை மறுபடியும் நெத்திக்குப் போச்சு. விரலெல்லாம் திருநீறு.

"அழிக்கறார் தங்கச்சி. கண்ணு தெரியலையா உனக்கு?" ஒரு கையில துணி, ஒரு கையில போனோட கட்டில்ல கிடந்தவர் பக்கம் குனிஞ்சார். "தோழர், இன்னொரு தடவை துடைங்க. படுக்கையிலயும் கொள்கையை விடாத மனுசன்னு நம்ம குரூப்புல போடறேன்."

கை நெத்திக்குப் போச்சு. வீடியோவும் எடுத்தாச்சு.

"உங்களுக்கு அவர் கொள்கைண்ணே. எனக்குப் புருசன்."

"புருசன்னா அவர் நெத்தி உன்னுதாயிடுமா?"

சத்தம் கேட்டு நர்ஸ் சுசித்ரா வந்தா. "என்ன இங்க? பேசண்டுக்கு ஏதாவது தொந்தரவா?"

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. இது எங்க விசயம்." அந்த ஒண்ணை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல சொன்னாங்க. அவ போயிட்டா.

நான் சும்மா இருந்திருக்கலாம். மூக்கை நுழைச்சேன். "எதுக்குச் சண்டை? அவரையே கேட்டுடலாமே. அண்ணே, திருநீறு வேணும்னா கையைத் தூக்குங்க."

தூக்கினார். நெத்தியில வெச்சார்.

"ஆச்சா?" அக்கா நிமிர்ந்து உக்காந்தாங்க.

"இரு தங்கச்சி. தோழர், துடைக்கணும்னா கையைத் தூக்குங்க."

அதுக்கும் தூக்கினார்.

"மனுசன் ரெண்டு கட்சியையும் பகைச்சுக்க மாட்டேங்கறாரு" என்று எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். வார்டே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன், பாவி.

சென்னகிருஷ்ணன் கண்ணோரத்துல தண்ணி வழிஞ்சது.

"மனசு இளகிடுச்சு, முனீஸ்வரா" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"அவமானம் தாங்காம அழறார்" என்றார் தோழர்.

பூசறதும் துடைக்கறதுமா மணி பதினொண்ணாச்சு. நெத்தித் தோலே கன்னிப்போச்சு. அப்புறம் அந்தக் கை கீழ விழுந்தது, எழும்பவே இல்லை. அப்ப நெத்தியில திருநீறு இருந்தது.

"ஏத்துக்கிட்டாரு" என்றாங்க அக்கா. தோழர் முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

கொஞ்ச நேரத்துல குபுக்குனு வாந்தி. நான்தான் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். சுசித்ரா டார்ச் அடிச்சுக் கண்ணைப் பார்த்தா. அவ முகம் வெளுத்துப்போச்சு. கட்டிலோட தள்ளிட்டு ஓடினாங்க.

வெளியில பெஞ்சுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல, நானும் போய் நின்னேன். மூணு மணிக்கு டாக்டர் வந்தார்.

"போயிட்டாரும்மா."

அக்கா கத்தக்கூட இல்லை. தரையில சரிஞ்சு உக்காந்தாங்க. தோழர்தான் தேம்பித் தேம்பி அழுதார்.

டாக்டருக்கும் தாங்கலை போல.

"மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. காலையிலயே ஆரம்பிச்சிருக்கும். உயிர் போற தலைவலிம்மா அது. பேச்சு வராதவங்க கையைத் திரும்பத் திரும்பத் தலைக்குக் கொண்டுபோய்க் காட்டுவாங்க. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தப் பார்த்திருக்கலாம். கூடவே இத்தனை பேர் இருந்தீங்களே, அவர் கையை ஒருத்தர்கூடவா பாக்கலை?"