இருபது மட்டிகள்

"கேஸைத் தள்ளிட்டாங்க, தாயி. மட்டிச் சிப்பியில ஒண்ணுமே இல்லைன்னு நீ எழுதிக் குடுத்தியே, அதைத்தான் கோர்ட்ல வாசிச்சாங்க."

தாடிக்கொம்பு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்திருந்தாள் சுந்தரம்மாள். அங்கே ஆய்வு செய்யும் ரீனாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உள்ள வாங்கக்கா."

"நைலான் கயிறு கம்பெனிக்காரன் கழிவு பூராம் எங்க குளத்துலதான் விழுகுது. ஆபீசருங்க வாரன்னைக்கு மட்டும் குழாயை மூடிர்றான். தண்ணி ஏமாத்தும், மட்டி வயிறு ஏமாத்தாதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்க்கா. அது தண்ணியை வடிகட்டித்தான் இரை எடுக்கும். நைலான் நூல் இருந்தா உள்ள தங்கியிருக்கணும்."

'ஏப்ரல் 2008' என்று எழுதிய பெட்டியிலிருந்து, வடிதாள் வைத்த ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள் ரீனா.

"நீங்களே பாருங்க. சதையைக் காரக் கரைசல்ல போட்டு ரெண்டு நாள் கரைச்சு, இந்தத் தாள்ல வடிச்சேன்."

சுந்தரம்மாள் ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு குனிந்தாள்.

"வெள்ளையாத்தான் கெடக்கு. அங்கிட்டு ஒண்ணு நெளியுதே?"

"சந்தேகப்பட்டதை எல்லாம் சூடான ஊசியால தொட்டுப் பார்த்தேன்க்கா. பிளாஸ்டிக்னா சுருண்டிரும். ஒண்ணுகூடச் சுருளலை. இருபது மட்டியும் இப்படித்தான்."

"மிஷினு ரிப்பேரா இருக்குமோ?"

"இல்லக்கா. வேற மட்டி கொண்டாங்க. மறுபடி பார்த்து அப்பீலுக்குக் குடுப்போம்."

"எங்கிட்டுப் போய்க் கொண்டார? வெயில்ல குளம் வத்திருச்சு. நேத்துத் தீர்ப்பு, இன்னைக்குக் கம்பெனிக்காரன் லாரில மண்ணடிச்சுக் குளத்தை மூடுறான். இனி அதுல ஏது மட்டி?"

ரீனா தட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு தயங்கியபடி கேட்டாள்.

"அக்கா, பிடிச்ச அன்னைக்கேதானே கொண்டாந்தீங்க?"

சுந்தரம்மாளுக்குச் சுருக்கென்றது.

"என்னை என்ன வெவரங்கெட்டவளுன்னு நெனச்சியா? படிச்ச புள்ளைக தொடுற பொருளு, சேத்தோடவா குடுப்பேன்? கறி வைக்கிறதுக்குச் செய்யிற மாதிரி, மூணு நாளு நல்ல போர்த் தண்ணியில போட்டு, வயித்துல உள்ளதை எல்லாம் கக்க வச்சுத்தான் கொண்டாந்தேன். அந்தத் தண்ணியைப் பாக்கணுமே, அம்புட்டும் நீல நூலு! அருவருத்துப் போயி சாக்கடையில ஊத்திட்டேன்."