சண்டையில் நின்றுபோகும் கருவி

அவன் கருவியில் ஒரு விசையைத் தட்டினான். இன்னொன்றைத் தட்டினான்.

எதுவும் அசையவில்லை.

இந்த வாரத்தில் அது நின்றுபோவது மூன்றாவது முறை.

தொண்டை அறுவைக்குப் பிறகு பிலோமினாவுக்குக் குரல் இல்லை. அவர் தட்டச்சு செய்வதை இந்தச் சின்னக் கருவிதான் சொல் சொல்லாகப் பேசும். அதைச் செய்தவன் அவன். அலுவலகத்தில் இதே போன்ற ஒன்றை இரண்டு நாள் தட்டிப் பார்த்தான், அது நிற்கவே இல்லை. பஸ் ஏறித் தூத்துக்குடிக்கே வந்துவிட்டான்.

“எப்ப நிக்குதும்மா?”

கணவர் சவரிராயன் முந்திக்கொண்டார். “சும்மா பேசுனா நல்லாத்தான் பேசுது தம்பி. சண்டைன்னு வந்தாத்தான் நின்னுருது.”

கருவியை அணைத்து மறுபடி போட்டான். மடிக்கணினியை அதோடு இணைத்தான்.

“அப்ப ஒரு சண்டை போடுங்க சார்.”

சவரிராயன் யோசிக்கவே இல்லை. “நேத்து வச்ச மீன்குழம்பு எங்கம்மா கைப்பக்குவத்துல பாதி வராது.”

பிலோமினாவின் விரல்கள் பாய்ந்தன. முப்பது வருடம் டைப்ரைட்டிங் வகுப்பு எடுத்த விரல்கள்.

“உங்கம்மா வச்ச குழம்ப நீங்களே—”

நின்றது.

“நாலு நாளா நாந்தான் ஜெயிக்கேன்” என்றார் சவரிராயன்.

பிலோமினா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை.

அவன் திரையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தான்.

விசையை அழுத்தியதும் விசைப்பலகை கருவிக்குள் இருக்கும் இயங்குதளத்தைக் கூப்பிடும். அது செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து எழுத்தை வாங்கும். வாங்குகிற அந்தக் கணத்தில் அடுத்த அழைப்பு அதன் காதில் விழாது. அலுவலகத்தில் யாருக்கும் இத்தனை வேகம் இல்லை.

கூப்பிட்டாயிற்று என்று பலகை காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லையே என்று இயங்குதளம் காத்திருந்தது.

நிரலில் இரண்டு வரி சேர்த்தான். எழுத்தை வாங்கியதும் போய்விடாதே. இன்னொன்று நிற்கிறதா, பார்.

“இப்ப அடிங்கம்மா.”

பிலோமினா முதலில் மெதுவாகத்தான் தொட்டார்.

“நீங்களே நாய்க்குத்தான் ஊத்துவீங்க.”

நிற்கவில்லை.

“அந்த நாயும் ஓடிப்போச்சு.”

அப்புறம் விரல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மணப்பாட்டில் தொலைத்த குடை வந்தது. கல்யாணத்தன்று தாமதமாக வந்த மாப்பிள்ளை கார் வந்தது. கருவிக்கு மூச்சு வாங்கவும் தெரியாது.

பத்து நிமிடம். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

சவரிராயன் எழுந்தார். கருவியை நோக்கிக் கையை நீட்டினார்.

அணைக்கப்போகிறார் என்று அவன் பதறினான்.

சவரிராயன் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.