மொட்டை மாடி வேலை

“என்கிட்டச் சொல்லாதீங்க. அவர் பக்கம் திரும்பி, அவர்கிட்டச் சொல்லுங்க” என்றார் ஆலோசகர்.

திரும்பினாள். கணவன் சுவரிலிருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஏசி மெக்கானிக். அந்த ஏசியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்க்க அவன் கை துறுதுறுப்பது அவளுக்கே தெரிந்தது. பெண்டாட்டி பற்றி எரிகிறாள், இவனுக்கு ஏசி ஒழுகுவது கவலை!

போன வருஷம், அவள் வேலை பார்த்த மருந்துக் கடைக்குள் ஒருவன் கத்தியோடு வந்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டான். இல்லை என்றதும் ஷட்டரை உள்ளிருந்து இறக்கினான்.

அவள் பின்னறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே அவன் கதவை உதைக்க உதைக்க, கணவனுக்கு போன் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

அவன் எடுக்கவில்லை.

கடை முதலாளி வந்து ஷட்டரைத் தூக்கப்போய்ப் பிழைத்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தெருவில் எங்கே ஷட்டர் இறங்கினாலும் இன்றைக்கும் அவளுக்குக் குலை நடுங்குகிறது. வேலையை அவள் விட்டாள். தூக்கம் அவளை விட்டது.

‘மொட்டை மாடியில வேலையா இருந்தேன், கம்ப்ரஸர் சத்தத்துல போன் கேக்கல.’ இதை அவன் போலீஸ்காரரிடம் சொன்னான். மச்சானிடம் சொன்னான். பாவம், அவன் என்ன செய்வான் என்று ஊரே உச்சுக்கொட்டியது. மாமியார் ஒரு படி மேலே போய், அந்த நேரத்தில் போலீசைக் கூப்பிடாமல் புருஷனைக் கூப்பிட்டவள் புத்தியைத்தான் சொல்லவேண்டும் என்றாள்.

“அந்த அறைக்குள்ள இருந்தப்ப உங்களுக்கு என்ன வேணும்னு இருந்துச்சு?” ஆலோசகர் மெதுவாகக் கேட்டார்.

“உன் குரல் வேணும்னு இருந்துச்சுடா!”

கல்யாணமான நாளிலிருந்து ‘வாங்க, போங்க’ என்றே பேசியவள். ‘டா’ எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

“சாகப்போறோம்னு பயந்தா யாரைத் தேடுவோம்? நம்ம ஆளைத்தானே தேடுவோம்?” நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அறைந்தாள்.

மறந்துடு, விட்டுத்தள்ளு, கோயில் குளம்னு போயிட்டு வா என்று இந்த வருஷம் முழுக்க ஆளாளுக்கு அவள் வாயை அடைத்திருந்தார்கள். ஆலோசகர் அடக்கவில்லை. அவள் கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு, அவனைப் பார்த்தார்.

“விளக்கம் வேண்டாம் சார். இதைக் கேக்கும்போது உள்ள என்ன ஓடுது, அதை மட்டும் சொல்லுங்க.”

அவன் வாயைத் திறந்தான். மொட்டை மாடிதான் வரப்போகிறது என்று அவள் பல்லைக் கடித்தாள். இன்னொரு தடவை அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். இந்த அறையைவிட்டு மட்டுமல்ல. கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மாடியில இல்ல” என்றான். “கீழ டீ குடிச்சிட்டு இருந்தேன். காலையில நமக்குள்ள சண்டை. உன் பேரைப் பார்த்ததும் ஒரு வீம்பு… கிடந்து தவிக்கட்டும்னு கட் பண்ணிட்டேன்.”

“தெரியும்” என்றாள் அவள்.

அவன் விலுக்கென்று நிமிர்ந்தான்.

கத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், ஷட்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆலோசகரிடம்கூட. கடைசி அழைப்பு முழுதாக அடித்து ஓயவில்லை. இரண்டாவது மணியிலேயே அறுந்தது. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு, போனைக் காதில் அழுத்தியபடி, அவன் விரல் தன்னைத் தள்ளிவிட்டதை அவள் கேட்டிருந்தாள்.

“தெரிஞ்சுமா… ஒரு வருஷமா கேக்காம இருந்த?”

“நீயா சொல்லணும்ல!”

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். பொத்தான் ஒன்று தெறித்து மேசைக்கடியில் உருண்டது. அவன் தடுக்கவில்லை, நகரவுமில்லை.

உலுக்கி ஓய்ந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை.