நூலின் மறுமுனை

“அவரால முடியலைன்னா அடுத்த ஆளை விட்டுடுங்க. எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கிறது?”

சொன்னது ஒரு கணக்கு டீச்சர். மடியில் ஃபைல், நாற்காலியில் சாயாத முதுகு. ரேடியேஷன் அறைக்கு முன்னால் இருந்த வரிசையில் டிரைவருக்கு அடுத்த ஆள்.

டிரைவருக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட ஸ்டியரிங்கை விடாத கை அது. இப்போது சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது.

தொண்டையில் கட்டி. முந்தின நாள்தான் சிகிச்சை தொடங்கியது. முகத்தின் மேல் வலைபோன்ற பிளாஸ்டிக் மாஸ்க்கை வைத்து, மேஜையோடு சேர்த்து மாட்டிவிட்டு, எல்லோரும் வெளியே போய் ஒரு சாண் கனமுள்ள கதவை மூடிவிட்டார்கள். டிரைவர் கையில் கொடுத்திருந்த அவசர மணியை மூன்று தடவை அமுக்கி, பாதியிலேயே வெளியே வந்துவிட்டார்.

இன்றைக்கும் அப்படிச் செய்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், கட்டி அதுவரை சும்மா இருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பத்து நிமிஷம்தான். அசையக் கூடாது. யாரும் கூட இருக்கவும் கூடாது.

“கல்நெஞ்சக்காரி” என்று டிரைவர் பக்கத்தில் இருந்த மனைவி டீச்சரைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த கதையை மறுபடி எடுத்தாள். வேதாகமத்தில் வரும் பழைய கதை. ராஜா வைத்த சிலையைக் கும்பிட மாட்டோம் என்ற மூன்று பேரைக் கைகால் கட்டி எரிகிற சூளைக்குள் தள்ளினார்கள். ராஜா எட்டிப் பார்த்தால், உள்ளே தீ தொடாமல் நாலு பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள்; நாலாவது ஆள் தெய்வச் சாயலில்.

“மூணு டிக்கெட்டுக்கு நாலு ஆளா? எங்க டிப்போவுல இதுக்கு சஸ்பெண்டே பண்ணிடுவாங்க” என்றார் டிரைவர். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

சற்றுப் பொறுத்துக் கேட்டார். “அந்த நாலாவது ஆளு தீயை அணைச்சிருக்கலாம்ல?”

மனைவி யோசித்தாள். “அணைக்கல. ஏன்னு எனக்கும் தெரியலைங்க. ஆனா வெளியில நின்னு வேடிக்கை பார்க்கல.”

டெக்னீஷியன் பெண் ஒரு கம்பளி நூல்கண்டோடு வந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிற வழக்கம்தான் என்றாள். நூலின் ஒரு முனை படுத்திருப்பவர் விரலில். மறுமுனை கதவுக்கு அடியில் வெளியே போய், காத்திருப்பவர் கையில். அவ்வளவுதான் வைத்தியம்.

டிரைவருக்குக் கூச்சமாக இருந்தது. டீச்சர் வேறு கண் கொட்டாமல் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆம்பளைக்கு நூலா என்று நினைத்திருப்பார்.

“நான் பிடிச்சுக்கிறேங்க. விடவே மாட்டேன்” என்றாள் மனைவி.

உள்ளே, மாஸ்க் முகத்தில் இறங்கியது. காதுக்குப் பக்கத்தில் டக், டக் என்று கொக்கிகள் விழுந்தன. காலடிச் சத்தம் தள்ளிப் போனது. கதவு மூடியது.

இயந்திரம் தலையைச் சுற்றிக் கிளம்பியது.

எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு வலையில் முட்டித் திரும்பி முகத்திலேயே சுட்டது. நெஞ்சு அடித்த அடியில் மேஜையே ஆடுவதுபோல் இருந்தது. இடது கைக் கட்டைவிரல் மணியின் மேல் போய் உட்கார்ந்தது. ஆண்டவரே, இங்கே ஒருத்தரும் இல்லையே என்று நினைத்தார்.

அப்போது வலது கை விரலில் நூல் அசைந்தது.

லேசாக ஓர் இழுப்பு. மறுபடி ஒன்று. சின்னச் சின்னதாய், விட்டு விட்டு, ஆனால் நிற்காமல்.

ஒவ்வொரு இழுப்புக்கும் ‘இருக்கேன்’ என்று டிரைவர் அர்த்தம் வைத்துக்கொண்டார். இயந்திரம் உறுமியது. இருக்கேன். சிவப்பு வெளிச்சம் கண்ணைத் தாண்டிப் போனது. இருக்கேன். கட்டைவிரல் மணியை விட்டு மெல்ல இறங்கியது. பயம் போகவில்லை. பயத்தோடு படுத்துக் கிடக்க முடிந்தது.

பத்து நிமிஷமும் முடிந்தது.

முகத்தில் வலையின் தடம் பதிந்திருக்க டிரைவர் வெளியே வந்தார். கதவருகே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நூலைப் பிடித்திருந்தது டீச்சர்.

மனைவி நடைபாதைக் கோடியிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். கதவு மூடியதும் டாக்டர் அறையில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்களாம். வேறு வழி தெரியாமல் பக்கத்தில் இருந்தவர் கையில் நூலைக் கொடுத்துவிட்டு ஓடினாளாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

டிரைவர் தன் விரலில் இன்னும் கட்டியிருந்த நூலைப் பார்த்தார்.

டெக்னீஷியன் பெண் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். டீச்சர் நூலை விடாமலே எழுந்தார். கூட யாரும் வரவில்லையா என்று அவள் கேட்டதற்கு, இல்லை, இன்றைக்குத்தான் முதல் நாள் என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, “அப்போ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உட்கார உட்கார இருந்த தைரியமும் போயிட்டே இருந்துச்சு” என்றார்.

டிரைவர் தன் விரலில் இருந்த முனையை அவிழ்த்து டீச்சர் விரலில் கட்டினார். டீச்சர் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு கதவருகே தரையில் உட்கார்ந்தார்.

“பயப்படாம போங்க டீச்சர். நீங்க எனக்கு இழுத்துக் காட்டின மாதிரியே நானும் இழுத்துட்டே இருக்கேன்.”

டீச்சர் வாசலில் நின்று திரும்பினார்.

“நான் இழுக்கலைங்க. கை நடுங்கிட்டே இருந்துச்சு. நிறுத்திப் பார்த்தேன், முடியல.”