சாமானோடு வாடகைக்கு

“அந்த பிளாஸ்டிக் கவரையெல்லாம் கிழிச்சுப் போட்டுடு சார்லசு. புதுசுன்னு தெரியக் கூடாது.”

சொன்னவர் வீட்டுக்காரர் கண்ணாயிரம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து விடியற்காலையிலேயே ஒரு லாரி நிறையச் சாமான் ஏற்றி அனுப்பிவிட்டு, அதன் பின்னாலேயே பைக்கில் சிதம்பரம் வந்து இறங்கியிருந்தார்.

வீட்டு புரோக்கர் சார்லஸ் மெத்தையின் கவரைக் கிழித்துக்கொண்டே அவரை ஓரக்கண்ணால் பார்த்தான். பத்து வருஷமாக இந்த ஊரில் வீடு பிடித்துக் கொடுக்கிறான். அவனுக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் ரூமுக்கு ஒரு ஃபேனை மாட்டிவிட்டு, அதன் இறக்கையையும் எண்ணி வைத்துக்கொள்கிற ஆட்கள். போனால் போகிறது என்று ஒரு கட்டில் போட்டால், அது அவர்கள் தாத்தா படுத்த கட்டிலாக இருக்கும். அதற்கு வார்னிஷ் அடித்துப் புதுசு என்பார்கள்.

இவரோ தேக்குக் கட்டில், இரட்டைக் கதவு பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எல்லாவற்றையும் புத்தம் புதுசாக இறக்கிவிட்டு, அவற்றைப் பழசாக்குவதற்குப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். பீரோவில் இருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினார். ஈரத்துணியில் கொஞ்சம் மண்ணைத் தொட்டு பிரிட்ஜ் கதவில் தேய்த்தார். மெத்தை மேல் ஏறி உட்கார்ந்து நாலு தரம் எம்பி எம்பிக் குதித்தார். அப்புறம் இறங்கி, அமுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

கடைசியில் அவர் ஒரு ஜோடி குத்துவிளக்கை எடுத்து ஹாலில் வைத்தபோதுதான் சார்லஸுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, எந்த ஊர்லண்ணே ஓனரு குத்துவிளக்கு வெச்சு வீட்ட வாடகைக்கு உடுறாரு? வீட்ல பேய் கீய் இருக்கு போல, அதான் இம்மாம் தர்றாங்கன்னு வர்றவுங்க அப்படியே திரும்பிடுவாங்க.”

கண்ணாயிரம் மனசே இல்லாமல் விளக்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார்லசு. அந்தத் தாலுகா ஆபீஸ் தம்பி சரின்னு சொல்லணும். அவுங்களத் தவிர வேற யாரும் இந்த வூட்டுக்கு வேணாம்.”

ஒரு வாரமாக இதையேதான் சொல்கிறார். நல்ல வாடகை தருவதாக இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். வீட்டைக்கூடத் திறந்து காட்டாதே என்று சொல்லிவிட்டார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் எழிலனும் அவன் மனைவியும் இரண்டு மாதமாக வீடு தேடி அலைகிறார்கள் என்பது சார்லஸுக்குத் தெரியும். ஒன்றாம் தேதி ஆனால் சம்பளம் வந்துவிடுகிற ஆளாகப் பார்த்துத்தான் இவர் குறி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

பதினோரு மணிக்கு அவர்கள் வரும் நேரம். தான் எதிரில் வரப்போவதில்லை என்றும், ஓனர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடும்படியும் சொல்லிவிட்டுக் கண்ணாயிரம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார். அங்கேயும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு டீ குடித்தார். விசித்திரமான மனுஷன்தான்.

எழிலன் மனைவியோடு வந்தான். பார்வையிலேயே கறாரான ஆள் என்று தெரிந்தது. சுவர், குழாய், மொட்டை மாடி எல்லாம் பார்த்துத் தலையாட்டியவன், சாமான்களைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினான்.

சார்லஸ் பீரோவைத் திறந்து காட்டப் பார்த்தான். கைப்பிடி அசையவில்லை. எழிலனின் மனைவி பக்கத்தில் வந்து அதை லேசாக மேலே தூக்கித் திருப்பினாள். கதவு சட்டென்று திறந்துகொண்டது. அவள் ஜன்னல் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். போச்சு, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று சார்லஸ் முடிவு கட்டினான்.

“வீடு புடிச்சிருக்கு. ஆனா இந்த சாமானையெல்லாம் ஓனர எடுத்துக்கச் சொல்லிடுங்க. அடுத்தவங்க பொருள சும்மா வாங்கி அனுபவிக்கறது எனக்கு ஆகாது” என்றான் எழிலன்.

சாமான் இல்லாமல் வீடு கிடையாது என்று கண்ணாயிரம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜன்னல் வழியே டீக்கடையில் அந்த ஹெல்மெட் இந்தப் பக்கமே திரும்பியிருப்பது தெரிந்தது. சார்லஸின் பத்து வருஷத் தொழிலும் நாக்கு நுனிக்கு வந்தது.

“சும்மா யாரு சார் தர்றா? கட்டிலு, பீரோ எல்லாத்துக்கும் சேத்துப் போட்டுதான் வாடகையே. பக்கத்து வீட்ட விட ஆயிரம் ரூபா ஜாஸ்தி. அத மொதல்லயே சொல்லணும்னு இருந்தேன்.”

எழிலனின் முகம் தெளிந்தது.

“அப்படிச் சொல்லுங்க. காசு குடுத்துட்டு அனுபவிச்சா யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நாங்க ஞாயித்துக்கெழம பால் காச்சிடறோம்.”

ஜன்னலோரம் நின்றவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்களை அனுப்பிவிட்டு சார்லஸ் ரோட்டைத் தாண்டி ஓடினான். நடந்ததைச் சொன்னான். வாடகையைத் தானாகவே ஏற்றிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டான். கண்ணாயிரம் ஒருவழியாக ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு போன் போட்டார்.

“அமராவதி, கல்யாணத்தன்னிக்குத் தார்ப்பாயக் கூட அவுக்க உடாம நம்ம மாப்ள திருப்பி அனுப்புனாரே அந்தச் சீரு, இன்னிக்கு மொத்தமா வாங்கிக்கிட்டாரு. மாசாமாசம் அதுக்கு வாடகை வேற குடுக்கறாராம்.”