மேல்தள வீட்டின் முறை

வாடகை வீடு மாறி மாறியே தையற்காரிக்குப் பாதி வாழ்க்கை ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு கதவு வேண்டுமென்று அந்த மேல்தள வீட்டைப் பார்க்க வந்தாள். குடியிருக்கும் வீட்டுக்காரர்களே எல்லா வேலையும் பார்க்கிற கட்டடம் அது. வாரத்துக்கு ஒரு வீடு தினமும் படி கழுவ வேண்டும். முறை முடிந்ததும் வாளியை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும்.

"இந்த வீடு பூட்டியேதானே கெடக்கு, இவங்க முறைய யாரு பாக்கறாங்க?" என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"அதெல்லாம் அவங்க தவற விட்டதே இல்லம்மா."

வீட்டை விற்கிற பையன் வந்து கழுவிவிட்டுப் போவான் போல என்று நினைத்துக்கொண்டாள். பத்திரம் பதியும்போது அதை அவனிடம் மெச்சிச் சொன்னாள்.

"நானா? அம்மா போனதுக்கப்புறம் அந்தப் படி ஏற எனக்குக் காலே வரலக்கா."

பத்திரத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். சொந்த வீடு ஆயிற்றே.

அவள் முறை வந்தது. விடிகாலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை படிகள் கழுவி ஈரமாக இருந்தன. மறுநாள் இன்னும் முந்தி எழுந்தாள். அன்றும் அப்படியேதான்.

அவளுக்குப் பயத்தைவிட ரோஷம்தான் அதிகம் வந்தது. ஆளில்லாத படியைப் பார்த்து, "அம்மா, இப்ப இது என் வீடு. எனக்கும் கொஞ்சம் விட்டு வைங்க" என்றாள்.

அடுத்த நாள் பாதிப் படிவரைதான் ஈரம் இருந்தது. ஈரம் முடிந்த இடத்தில் வாளி நிறையத் தண்ணீர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. துடைப்பத்தின் பிடி அவள் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.